முதல் மேசைக்குக் கேட்கும் சத்தம்

ஒரு டப்பா. அதற்குள் ஒரு ஸ்பீக்கர், வெளியே நாலு குமிழ், மேலே ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவர ஒரு மனுஷிக்கு எத்தனை நாள் ஆகும்? பவரக்காவுக்கு மூன்று வாரமாகியும் முடிந்தபாடில்லை. கிட்டார் ஆம்ப் என்று அவள் வாயைத் திறந்தாலே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் நழுவ ஆரம்பித்துவிட்டார்கள்.

கண்ணாடிக் கடையில் கண் பார்த்து பவர் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் வீட்டுக்கும் வந்து, தெருவுக்கும் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் மட்டும், அவளுக்குக் கோபம் வரும் நாட்களில் 'வோல்டேஜ்' என்று கூப்பிடுவார். இந்த மூன்று வாரமும் வோல்டேஜ்தான்.

கிட்டார் அவள் கைக்கு வந்தது முப்பத்தெட்டு வயதில். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் விரல் எப்போது பழகுவது? ஆறு வருஷம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து ஊரார் கண்ணையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவளுக்குத் தனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். ஒருநாள் கதவுக்கு வெளியே நாத்தனார் கூடவே பாடிக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரரின் தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சின்ன வயதிலிருந்தே நல்ல குரல். பவரக்கா கதவைத் திறந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஜோடி.

நாத்தனாரின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை. இருபது நாற்காலி, கண்ணாடிக் கதவு, கதவோரம் ஒரு மூலை. கடைக்காரர் மூன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசிக்கச் சொல்லியிருந்தார். "ஜனங்களுக்குப் பிடிச்சா வாராவாரம் வாங்க. பிடிக்கலேன்னா யாரும் மனசுல வச்சுக்கக் கூடாது," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சுவரில் இருந்த அவருடைய ஸ்பீக்கர் பெட்டியில் மைக்குக்கு ஒரு துளை, போனுக்கு ஒரு துளை. கிட்டாருக்கு இடமில்லை. மூலையில் பிளக்கும் இல்லை. இருந்த ஒரே பிளக் கேக் வைக்கும் ஃபிரிட்ஜுக்கு.

ஆக, ஆம்ப் சின்னதாக இருக்க வேண்டும். முதுகில் கிட்டாரோடு பஸ் ஏறும்போது ஒரு கையால் தூக்கும்படி இருக்க வேண்டும். பேட்டரியில் ஓட வேண்டும். வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரக் கூடாது, கடையில் வாசித்தால் இருபது பேருக்குக் கேட்க வேண்டும். இது ஒரு பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்கள்.

வாத்தியக் கடையில் இருந்த விற்பனைக்காரருக்கு எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "இது போதும் மேடம்." அவள் முதல் நாள் எடுத்துக் காட்டச் சொன்னது ஒரு டிபன் பாக்ஸ் அளவு ஆம்ப். "இது போதும் மேடம்." ஒரு மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சொன்னதற்காக அந்த மனிதர் பின்னால் ரொம்ப வருத்தப்பட்டிருப்பார்.

வீட்டில் அதை இஸ்திரி மேசை மேல் வைத்து வாசித்தபோது தேன் மாதிரி இருந்தது. வீட்டுக்காரரே திரும்பிப் பார்த்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை காபிக் கடை மூலையில், ஸ்டூலில் உட்கார்ந்து, காலடியில் அதே டப்பாவை வைத்து, அதே பாட்டை ஆரம்பித்தாள். சத்தமா அது? போர்வைக்குள் பொத்தி வைத்த மாதிரி மந்தமாக வந்தது. கூர்மையே இல்லை. சத்தத்தைக் கூராக்கும் ட்ரெபிள் குமிழை ஏற்றினாள். போதவில்லை. இன்னும் ஏற்றினாள். முழுசாக ஏற்றியும் போதாமல் வால்யூமையும் கூட்டினாள். டப்பா கரகரவென்று இருமியது.

முதல் மேசையில் கணவன் மனைவி மாதிரி இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டிலேயே கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்குப் போய்விட்டார்கள். நாத்தனார் பாட்டுக்கு நடுவில் நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முடிந்ததும், "அண்ணி, குத்துது," என்றாள்.

"என்ன குத்துது?"

"கிட்டார் அண்ணி. காதுல குத்துது."

பவரக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. தான் வாசிப்பது குத்துகிறதாம். சின்ன வயதிலிருந்து பாடுகிறவள், சொல்லத்தான் செய்வாள். "மந்தமா இருக்குன்னு நான் தலையில அடிச்சுக்கிறேன், நீ குத்துதுங்கிற! ஆம்ப் சரியில்ல, அவ்வளவுதான்," என்று பையை மூடினாள். பஸ்ஸில் இரண்டு பேரும் வேறு வேறு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள்.

திங்கட்கிழமையே போய் மாற்றினாள். இந்தத் தடவை பெரியது. தண்ணீர்க் கேன் கனம். பேட்டரி கிடையாது, வயர்தான். கடையில் அலமாரித் தட்டில் வைத்து வாசித்தபோது எவ்வளவு தெளிவு! இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்த வீட்டுக்காரர் வழியெல்லாம், "ஒரு கம்ப்ரஸர் இதைவிட லேசா இருக்கும், தெரியுமா?" என்று புலம்பினார். கேக் ஃபிரிட்ஜின் பிளக்கைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, வயரைத் தரையோடு இழுத்து, காலடியில் வைத்து வாசித்தால், ஐயோ, மறுபடியும் அதே மந்தம்! மறுபடியும் ட்ரெபிள். மறுபடியும் முதல் மேசை காலி. ஒரு அம்மா குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனதைப் பவரக்கா தன் கண்ணாலேயே பார்த்தாள். அந்த வயரில் கால் தடுக்கி காபிக் கடைக்காரர் தட்டோடு தடுமாறினார். கேக்கில் பூசியிருந்த கிரீம் வேறு உருகிவிட்டது. அவர் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாத்தனார் போன் பண்ணினாள். குரலில் ஒரு தயக்கம்.

"அண்ணி, கோபப்படாதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை நான் போன்ல மியூசிக் டிராக் போட்டுப் பாடிடறேன். கடைக்காரர்கூட அதையேதான் கேட்டார். நீங்க வாங்க. வந்து உக்காந்து கேளுங்க."

வந்து உக்காந்து கேளுங்க! ஆறு வருஷமாக விரல் நுனி காய்த்துப்போனது, வந்து உட்கார்ந்து கேட்கத்தானா? ஒரு போன் செய்கிற வேலையைத் தன்னால் செய்ய முடியாமல் போய்விட்டதா? அழுதால் தெரிந்துவிடும் என்று பவரக்கா குரலை உயர்த்தினாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை இன்னும் பாக்கி இருக்கில்ல? நாளைக்கே நல்ல ஆம்ப் ஒண்ணு எடுத்துட்டு வரேன். அப்புறம் பேசு."

"ஆம்ப் இல்ல அண்ணி விஷயம்..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் பவரக்கா போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கண்ணாடிக் கடையில் வேறு ஒரு ஏழரை. மூன்று நாள் முன்பு மனைவிக்குக் கண்ணாடி வாங்கிப் போன ஒருவர் உறையை மேசை மேல் பட்டென்று வைத்தார். மனைவி பின்னால் நின்றிருந்தாள்.

"என்ன மேடம் பவர் போட்டிருக்கீங்க? ஒண்ணுமே தெரியல. எல்லாம் மங்கலா இருக்கு. தலை சுத்துது."

"யாருக்குச் சுத்துது?"

"எனக்குத்தான். நான் போட்டுப் பார்த்தேன்."

பவரக்காவுக்கு இருந்த கடுப்புக்கு அந்த மனிதர் தானாக வந்து மாட்டினார். "சார், கண்ணாடி உங்களுக்கா, அவங்களுக்கா? போட்டுக்கறவங்க சொல்லணும் சார்! உங்க கண்ணுக்கு மங்கலா இருந்தா எனக்கென்ன? நீங்க எதுக்கு அதைப் போட்டுப் பார்க்கறீங்க?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டி, எழுத்துப் பலகையைக் காட்டினாள். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள் அவள்.

"நல்லாத்தான் இருக்குன்னு நானும் மூணு நாளா சொல்றேன். இவர் கேட்டாத்தானே," என்றாள் அந்த அம்மா.

"இப்படியும் ஒரு மனுஷன்," என்று பவரக்கா மத்தியானம் வரைக்கும் முணுமுணுத்தாள்.

மத்தியானம் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, வாத்தியக் கடைப் படியேறினாள். அவளைப் பார்த்ததும் விற்பனைக்காரர் ஏதோ வேலை இருப்பது மாதிரி உள்ளே திரும்பினார். விடுவாளா?

"இங்க வாங்க. உங்க கடையில நல்லா கேக்குது, வீட்டுல நல்லா கேக்குது, அங்க போனா மட்டும் எல்லா டப்பாவும் ஊமையாகிடுது. இன்னிக்கு ஏமாற மாட்டேன். அங்க வைக்கிற மாதிரியே தரையில வைங்க. நான் ஸ்டூல்ல உக்காந்து வாசிச்சுப் பார்க்கறேன்."

புதிதாக ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். வாசித்தாள். மந்தம். ட்ரெபிளைத் திருகினாள். இன்னும் மந்தம். "பாருங்க! பாருங்க!" என்று முழுசாகத் திருகினாள். எதிரே நாலடி தள்ளி ஒரு முக்காலியில் உட்கார்ந்து கணினியில் பில் போட்டுக்கொண்டிருந்த விற்பனைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"போதும் மேடம்! போதும்!"

இதுவரை நூறு தடவை கேட்ட வார்த்தைதான். ஆனால் இந்தத் தடவை அந்த மனிதரின் முகம் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தைப் பவரக்காவுக்குத் தெரியும். சுவரோடு ஒட்டிக்கொண்டு பாடிய நாத்தனாரின் முகத்தில் இருந்தது. குழந்தையின் காதைப் பொத்திய அம்மாவின் முகத்தில் இருந்தது. பவரக்கா வாசிப்பதை நிறுத்தினாள். ஆம்பைப் பார்த்தாள். அதன் வாய் நேராக முன்னால் இருப்பவர்களைப் பார்த்துத் திறந்திருந்தது. அவள் காதோ அதற்கு மேலே, பின்னால், எங்கேயோ இருந்தது.

"நீங்க இந்தக் கிட்டாரைப் பிடிங்க. எதையும் குறைக்காதீங்க. நான் அங்க உக்காரறேன்," என்றாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மீட்டல். ஒன்றே ஒன்று. ஊசியை எடுத்துக் காதுக்குள் விட்டது மாதிரி இருந்தது. அவளையறியாமல் கை மேலே போய்க் காதை மூடியது. இதையா அந்தப் பெண் இரண்டு வாரம் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டாள்? வாங்கிக்கொண்டு, சுருதி விலகாமல் பாடவும் பாடினாளே! குத்துது அண்ணி என்று சொல்லவும் செய்தாளே! போட்டுக்கறவங்க சொல்லணும் சார் என்று காலையில் ஒரு மனிதனை அந்தப் பிடி பிடித்தது யார்? பவரக்காவுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அந்த மனிதர் மூன்று நாளில் வந்துவிட்டார், தனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது என்று நினைத்தபோது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"முதல்ல எடுத்தேனே, டிபன் பாக்ஸ் மாதிரி ஒண்ணு, அது இருக்கா?" என்று கேட்டாள்.

விற்பனைக்காரர் அலமாரியின் கீழ்த்தட்டில் குனிந்து எடுத்தார். அவள் கைப்பிடியில் சுற்றியிருந்த நீல நாடாகூட அப்படியே இருந்தது. அதைத் துடைத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"இது போதும்னு அன்னிக்கே சொன்னேன் மேடம்."

பவரக்கா தண்ணீர்க் கேனை அவர் பக்கம் தள்ளிவிட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை நிரம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டாள். நாத்தனார் ஏற்கனவே வந்து, போனைச் சுவர் ஸ்பீக்கரில் மாட்டி, டிராக் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி கையில் இருந்த டப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்தது.

"மறுபடியும் இதுவா? அண்ணி, நான்தான் சொன்னேனே..."

"நீ சொன்னே. நான்தான் கேக்கல. அங்க முதல் மேசையில போய் உக்காரு."

"எதுக்கு?"

"உக்காரு சொல்றேன்."

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பவரக்கா ஒரு நாற்காலியை மூலைக்கு இழுத்து அதன் மேல் டப்பாவை வைத்தாள். இஸ்திரி மேசை உயரம். ட்ரெபிளைப் பாதியில் வைத்து ஒரு வரி வாசித்தாள். பிறகு கொஞ்சம் குறைத்து அதே வரியை வாசித்தாள். குரல் தானாகத் தொழில் குரலாகிவிட்டது.

"இது நல்லா இருக்கா, இல்ல முன்னாடி வாசிச்சதா?"

நாத்தனார் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். "இது."

"இதுவா? இதுவா?"

"இது. இன்னும் கொஞ்சம் குறைங்க."

"இதுக்கும் கீழயா? எழுத்தே தெரியாது, ச்சீ, சத்தமே தெரியாதேடி!"

"எனக்குத் தெரியுது அண்ணி. குறைங்க."

குறைத்தாள். நாத்தனார் கட்டியிருந்த கையைப் பிரித்து மேசை மேல் வைத்தாள். "இது," என்றாள். அந்த ஒரு சொல்லில் இரண்டு வாரக் கோபம் இறங்கியது தெரிந்தது. பவரக்கா பையிலிருந்து லென்ஸில் புள்ளி வைக்கும் பேனாவை எடுத்து, குமிழ் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள். போன் மட்டும் ஸ்பீக்கரிலேயே மாட்டியபடி இருந்தது. நாத்தனார் அதைக் கழற்றவில்லை. பவரக்கா அதைக் கவனித்துக்கொண்டாள்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. முதல் மேசையில் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். எழுந்து போகவில்லை. இரண்டாவது பாட்டில் இன்னும் நாலு பேர் உள்ளே வந்தார்கள், சுற்றிலும் பார்த்தார்கள். காபிக் கடைக்காரர் ஒரு கையில் தட்டோடு மூலைக்கு ஓடிவந்தார்.

"அக்கா, அந்த நாற்காலி வேணும். ஆள் நிக்கறாங்க."

"எந்த நாற்காலி? ஐயோ, இதுவா? இது இல்லாம..."

அவள் முடிப்பதற்குள் அவர் டப்பாவைத் தூக்கிக் காலடியில் வைத்துவிட்டு நாற்காலியோடு போய்விட்டார். பவரக்காவுக்கு அந்த மனிதரின் தலையில் கிட்டாரால் ஒன்று போடலாம் போல இருந்தது. இரண்டு வாரம் ஆள் வராத கடைக்கு இன்றைக்கா ஆள் வர வேண்டும்? நாத்தனார் மூன்றாவது பாட்டுக்கு மூச்சை இழுத்துவிட்டாள். வேறு வழியில்லை, விரல் ஆரம்பித்தது.

போர்வைக்குள்ளிருந்து வந்தது சத்தம். அதே மந்தம். பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் அதே மந்தம். கை துறுதுறுத்தது. ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் குனிந்து குமிழைப் பிடித்தும் விட்டாள். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள். எடுத்தது தப்போ? இருபது பேருக்கும் இப்படித்தான் கேட்கிறதோ? தன்னை வைத்துக்கொண்டு இந்தப் பெண் மூன்றாவது தடவையும் மானம் கெடப் போகிறாளோ?

நாத்தனார் பாடிக்கொண்டே சுவரை விட்டு நகர்ந்தாள். முன்னால் வந்தாள். ஆம்புக்கு நேர் எதிரே, முதல் மேசையை ஒட்டி, அதன் வாய்க்கு முன்னாலேயே நின்று மீதிப் பாட்டைப் பாடினாள். முகம் சுருங்கவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் கடைக்காரர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் கொஞ்சம் சங்கடம்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த ஸ்டூலும்..."

"எடுத்துக்கோங்க! எல்லாத்தையும் எடுத்துக்கோங்க!" என்று பவரக்கா எழுந்து நின்றாள். நின்றால் டப்பா இன்னும் கீழே போய்விட்டது. இனி அதிலிருந்து வருவது அவளுக்குத் தொம் தொம் என்ற அதிர்வாக மட்டும்தான் கேட்கும்.

"எனக்கு ஒண்ணுமே கேக்காதேடி," என்றாள், அழுகை வரும் குரலில்.

நாத்தனார் சுவர்ப் பக்கம் போனாள். போனை ஸ்பீக்கரிலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டாள். திரும்பி வந்து அண்ணியின் காதோரம் குனிந்தாள்.

"எனக்குக் கேக்குது. கை வைக்காதீங்க. வாசிங்க."

பவரக்கா வாசித்தாள்.